விடியற்காலையில் மட்டும் நின்றுபோன கார்

டீசல் காரின் புகையைப் பார்த்தால் சொந்தக்காரரின் குணம் தெரிந்துவிடும் என்று நான் சொல்வதுண்டு. கறுப்பாகக் கக்கினால் ஆள் அவசரக்காரர். நீலமாக விட்டால் எதையும் நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ளிப்போடுகிறவர். புகையே இல்லாவிட்டால் எங்கள் பம்ப் அறைக்கு வந்துபோனவர். இதைச் சொன்னால் வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். முப்பது வருடத்துக்கு மேல் புகையைப் பார்த்துச் சோறு தின்றவனுக்கு இந்தப் பெருமையாவது இருக்கக்கூடாதா?

போன மாதம் சுன்னாகம் சந்தியில் கராஜ் வைத்திருக்கும் நிரஞ்சன் தன் தொலைபேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினான். பழைய டீசல் காரை நன்றாக ஓடவைக்க எந்தெந்த எரிபொருள் பாகங்களை மாற்றலாம் என்று அதில் யாரோ எழுதியிருந்தார்கள். நொசிலை மாற்று, பம்பை மாற்று, நல்ல பில்ற்றர் போடு, குழாயை மாற்று என்று ஒழுங்காக இருந்தது.

"ஐயா, உங்கடை காலத்திலை உதெல்லாம் செய்தனீங்களோ?" என்று கேட்டான்.

"ஓம், எல்லாம் செய்தனாங்கள். டீசல்தான் இருக்கேல்லை" என்றேன்.

நான் பகிடி விடுவதாக நினைத்து அவன் சிரித்தான். அது பகிடி இல்லை என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் 1983இல் நாகமுத்து அண்ணையிடம் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடமும் பாகங்களைக் கழுவினேன். அதற்குப் பிறகு கழுவின பாகங்களைத் துடைத்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது.

நாகமுத்து அண்ணையைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. மெலிந்த ஆள். வெள்ளைச் சாரமும் வெள்ளை பெனியனும் உடுத்து, எஞ்சினுக்கு எண்ணெயை அமத்திக் கொடுக்கிற டீசல் பம்பைத் திருத்தும் வேலையை, உடுப்பில் ஒரு சொட்டு ஊத்தை படாமல் செய்து முடிப்பார். கராஜுக்குப் பின்னால் கண்ணாடி யன்னல் வைத்த சின்ன அறைதான் பம்ப் அறை. செருப்பை வெளியில் கழற்ற வேண்டும். முழங்கைவரை சவுக்காரம் போட்டுக் கழுவ வேண்டும். வாசலில் ஒரு ஈரத்துணி தொங்கும். அந்தத் துணியால் நெற்றியில் இருக்கும் திருநீற்றைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வரலாம். குனிந்து வேலை செய்யும்போது நெற்றியிலிருந்து உதிரும் ஒரு தூசு போதும், மயிரிழைகூடப் புகாத அளவுக்குப் பொருத்திய பாகங்களைத் தேய்த்து நாசமாக்க.

"சாமி வெளியிலை நிக்கட்டும். அவருக்குக் கோவம் வராது. பம்புக்கு வரும்" என்பார்.

ஒருமுறை ஒரு கோயில் ஐயர் தன் டீசல் வானுடன் வந்தார். உடம்பெல்லாம் திருநீற்றுக் குறி. அவரைத் துடைக்கச் சொல்ல முடியுமா? அண்ணை எழும்பி இரண்டு கையாலும் கும்பிட்டார், பிறகு கதவைச் சாத்தினார். இரண்டு பேரும் யன்னல் கண்ணாடிக்கு இரு பக்கமும் நின்று சத்தம்போட்டுக் கதைத்து வேலையை முடித்தார்கள்.

நொசில் என்பது எஞ்சினுக்குள் எண்ணெயைத் தூவுகிற சின்ன இரும்பு வாய். அது பன்னீர் தெளிக்கிறமாதிரித் தூவ வேண்டும், சொட்டக் கூடாது. நொசிலைக் கைப்பம்பில் பூட்டி, பழைய கலண்டர் தாள் ஒன்றை முன்னால் பிடித்து, ஒரேயொரு தரம் அமத்துவோம். தாளில் விழும் அடையாளத்தை அண்ணை யன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். "வட்டமாய் நெத்திப்பொட்டு மாதிரி வரவேணும். உது பிள்ளையாற்றை தொந்தி மாதிரிக் கிடக்கு. கழட்டு" என்பார். நொசிலுக்குள் இருக்கும் சுருள் வில்லின்மேல் கடதாசியைவிட மெல்லிய தகடு ஒன்றை வைத்து மறுபடி அமத்துவோம். தூவும்போது ஒரு சின்னக் கிறீச்சிடும் சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தால்தான் அவருடைய முகம் மலரும். தூவின எண்ணெயைக்கூடச் சட்டியில் ஏந்தி, வடித்து, திரும்பப் பாவிப்பார்.

அவருக்குப் பொறுக்க முடியாத ஒரு விஷயம், எஞ்சின் சும்மா ஓடிக்கொண்டிருப்பது. யாராவது வாசலில் காரை ஓடவிட்டுவிட்டுக் கதைத்துக்கொண்டு நின்றால், உள்ளேயிருந்து ஒரேயொரு சொல் வரும். "நிப்பாட்டு." ஆளைப் பார்க்க மாட்டார். பெரிய மனிதரோ சின்ன மனிதரோ, எல்லோருக்கும் அதே சொல்தான். எங்களுக்குள் அவருக்குப் பட்டப்பெயரே நிப்பாட்டு அண்ணை.

1990இல் சண்டை திரும்பத் தொடங்க, அரசாங்கம் தடை போட்டு, யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு டீசல் வருவது நின்றது. பெற்றோல் கார்க்காரர்கள் சேலைன் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் கட்டித் தொங்கவிட்டு, அதில் எஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடினார்கள். டீசல் கார்க்காரருக்கு வேறு தலையிடி. டீசலில் ஒரு வழுவழுப்பு உண்டு, பம்புக்குள் இருக்கும் பாகங்கள் அந்த வழுவழுப்பில்தான் உயிர் வாழ்கின்றன. மண்ணெண்ணெய் காய்ந்த சாமான். அதைத் தனியே விட்டால் பம்ப் தன்னைத்தானே தின்றுவிடும். அதற்கு நாகமுத்து அண்ணை மருந்து சொன்னார். மண்ணெண்ணெயுடன் கொஞ்சம் தேங்காயெண்ணெய் கலக்க வேண்டும். எல்லாக் கார்க்காரரும் அப்படியே செய்தார்கள். கார்களும் நன்றாகவே ஓடின. றோட்டெல்லாம் பலகாரம் பொரித்த வாசம்.

கரண்டும் இல்லை. கடைசல் இயந்திரத்தை ஒரு சைக்கிளின் பெடலை மிதித்துச் சுழற்றினோம். மிதித்தவன் நான். என்னுடைய கால்கள் அந்தக் காலத்தில் நன்றாக இருந்தன.

ஏழாலைக் கந்தவனத்தார் எங்களிடம் வந்தது அப்போதுதான். கேம்பிரிட்ஜ் என்ற பழைய இங்கிலாந்துக் கறுப்பு டீசல் கார் ஒன்றை வாடகைக்கு ஓடுகிறவர். என்னைவிடக் காருக்கு இரண்டு மூன்று வயது கூட இருக்கும். வந்து இறங்கும்போதே முறைப்பாட்டுடன் இறங்கினார்.

"அண்ணை, சைக்கிள்காரன் என்னை விலத்திக்கொண்டு போறான். போறதுதான் போறான், திரும்பிப் பார்த்துச் சிரிச்சுக்கொண்டெல்லோ போறான்."

பிறகு குரலைத் தணித்து உண்மையான காரணத்தைச் சொன்னார். மூத்த மகள் மலர் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருக்கிறாள். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, வலி கண்டால் ஒரு நிமிடமும் சுணங்காமல் மானிப்பாய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அந்தப் பக்கத்தில் ஓடக்கூடிய கார் என்று இருப்பது இது ஒன்றுதான்.

"ஊராற்றை பிள்ளையளை எல்லாம் கொண்டுபோய் இறக்கினனான். என்ரை பிள்ளைக்குக் கார் நிண்டால் நான் என்ன செய்வன்?" என்றார்.

நாகமுத்து அண்ணை எழும்பினார். ஈரத்துணியை எடுத்துத் தன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

அந்த வேலையை இப்போது நினைத்தாலும் எனக்குக் கை துறுதுறுக்கிறது. ஒரு மதிலோரம் துருப்பிடித்துக் கிடந்த இன்னொரு கேம்பிரிட்ஜின் பம்பைக் கழற்றி வந்து, இரண்டு பம்பிலும் நல்லதாக இருந்த பாகங்களைச் சோடி சேர்த்து ஒரு பம்ப் ஆக்கினோம். நொசில்களைத் தேய்த்து நாலும் ஒரேமாதிரிப் பொட்டு வைக்கும்வரை கலண்டர் தாள்களைக் கிழித்தோம். துருப்பிடித்த குழாயை வீசிவிட்டுச் செப்புக் குழாய் வளைத்துப் போட்டோம். மண்ணெண்ணெய்க்கு ஏற்றமாதிரி, பம்ப் எண்ணெயை அனுப்புகிற நேரத்தையும் ஒரு துளி மாற்றினோம். எல்லாவற்றுக்கும் மேலாக, அண்ணை ஒரு உழவு இயந்திரத்தின் பெரிய பில்ற்றரைக் கொண்டுவந்து, காரின் கிழிந்துபோன பழைய பில்ற்றரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பூட்டினார். அதற்குள் இருந்த கடதாசி அவ்வளவு நெருக்கமானது. "இனி இதுக்குள்ளாலை ஒரு தூசும் போகாது" என்று தட்டிக் கொடுத்தார்.

ஓடிப் பார்க்கப் போனபோது கந்தவனத்தாருக்குப் பக்கத்தில் நான். சந்தைக்கு வெங்காயம் ஏற்றிப்போன லொறியை விலத்தினோம். அவர் ஒரு சைக்கிள்காரனைத் தேடினார். ஒருவன் கிடைத்தான். அவனை விலத்தும்போது, கந்தவனத்தார் தலையை வெளியே நீட்டித் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அந்தப் பாவி மனிதன் ஏன் என்று தெரியாமல் தானும் சிரித்தான்.

இது நடந்தது கார்த்திகையில். தை மாதம் பிறந்து சில நாளில் கந்தவனத்தார் திரும்பி வந்தார். வெயில் ஏறிவிட்டது. கார் ராசாமாதிரி வந்து நின்றது. அவருடைய முகம்தான் சரியில்லை.

"விடியக் காலமை ஒரு வாடகை. வீட்டாலை வெளிக்கிட்டு ஆலடிச் சந்திக்குப் போக நிண்டிட்டுது. ஒண்டுக்கும் அசையேல்லை. வெயில் வந்தாப்போலை தானாய் ஓடுது."

அண்ணை எஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். பில்ற்றரைக் கழற்றிப் பார்த்தார், சுத்தம். நொசில் சுத்தம். "காரிலை ஒண்டும் இல்லை. உனக்குத்தான் விடிய எழும்பப் பஞ்சி" என்று அனுப்பிவிட்டார். மூன்றாம் நாள் அதே கதை. அதற்குப் பிறகும் அதே கதை. விடியற்காலையில் நிற்கும், பத்து மணிக்கு எங்கள் முற்றத்தில் பாடும். காருக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று கந்தவனத்தாருடைய மனைவி ராசம்மா அக்கா தேசிக்காய் வெட்டி நாலு சில்லுக்கும் வைத்தா. கார் அடுத்த நாளும் நின்றது, தேசிக்காயும் வீண்.

நாகமுத்து அண்ணைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தான் கைவைத்த பம்ப் நிற்கிறது என்பது அவருக்குப் பெரிய அவமானம். கந்தவனத்தாருக்கு அதைவிடப் பெரிய பயம். மகளுக்கு எந்த நாளும் வலி வரலாம், அது வெயில் ஏறும்வரை பொறுத்திருக்குமா?

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாற நோயாளியை மட்டும் எத்தனை தரம் பாக்கிறது? வருத்தம் வாற நேரத்திலை வீட்டை போய்ப் பாப்பம்" என்றேன் நான். அண்ணை என்னை நிமிர்ந்து பார்த்தார். அதுவே அவர் தரும் அனுமதி.

அடுத்த நாள் விடியமுன் சைக்கிளில் ஏழாலைக்குப் போனேன். பனி புகார்மாதிரி இறங்கியிருந்தது. தோட்ட வெளியால் போகும்போது காது விறைத்துவிட்டது. கந்தவனத்தார் காரை எழுப்பினார், நல்லபடியாக எழும்பியது. இருவரும் ஏறிப் போனோம். ஆலடிச் சந்தி வந்தது. கார் இரண்டு தரம் குலுங்கி, நின்றது.

நான் இறங்கி அந்த இடத்திலேயே, அந்தக் குளிரிலேயே பில்ற்றரைக் கழற்றினேன். உள்ளே வெள்ளை வெளேரென்று, உறைந்த நெய்மாதிரிக் கட்டி. விரலால் தொட்டேன். விரல் சூட்டில் உருகி வழிந்தது. மணந்து பார்க்கவே தேவையில்லை. தை மாதத்தில் விடியக் குளிக்கப் போகிற எவரும், தலைக்கு வைக்கத் தேங்காயெண்ணெய்ப் போத்தலைக் கவிழ்த்துப் பார்த்து, உறைந்திருப்பது கண்டு அடுப்படியில் வைத்து இளக்குவார்கள். யாழ்ப்பாணத்தில் அது தெரியாத ஆள் கிடையாது. ஆனால் அதே எண்ணெய்தான் கார் டாங்கிக்குள்ளும் கிடக்கிறது என்று எங்கள் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

"எவ்வளவு எண்ணெய் விடுறனீங்கள்?" என்று கேட்டேன்.

கந்தவனத்தார் தலையைச் சொறிந்தார். "அண்ணை சொன்னதிலும் பாக்கக் கொஞ்சம் கூட. பிள்ளையின்ரை அலுவல் எல்லோ. இரவு நிப்பாட்டினாப் பிறகு போத்தலோடை டாங்கிக்குள்ளை கவிழ்த்து விடுறனான். கார் இரா முழுக்கக் குடிச்சு ஊறட்டும் எண்டு."

எண்ணெய்முழுக்கு வைப்பதுபோல் வைத்திருக்கிறார். கலக்காமல் விட்ட தேங்காயெண்ணெய் பாரத்தில் அடியில் போய், உறிஞ்சு குழாயின் வாயிலேயே படுத்திருக்கிறது. பனியில் உறைந்துவிடுகிறது. பழைய கிழிந்த பில்ற்றர் என்றால் அந்தக் கட்டி எப்படியாவது தப்பிப் போயிருக்கும். நாங்கள் போட்ட நல்ல பில்ற்றருக்குள்ளால் ஒரு தூசும் போகாது, உறைந்த எண்ணெயும் போகாது. வெயில் ஏற எல்லாம் இளகி, யாழ்ப்பாணத்து றோட்டின் குழிகளில் குலுங்கிக் கலந்து, ஒன்றும் அறியாத பிள்ளைமாதிரி எங்கள் முற்றத்துக்கு வந்து நிற்கிறது. காரை நாங்கள் திருத்தினதால்தான் கார் நின்றது. சந்தியில் நின்று நான் சிரித்த சிரிப்பில் கந்தவனத்தாருக்குக் கோபம் வந்துவிட்டது. விளங்கின பிறகு அவர் என்னைவிடக் கூடச் சிரித்தார்.

நாகமுத்து அண்ணை சிரிக்கவில்லை. கேட்டுவிட்டு எழும்பி, அறையில் இருந்த போத்தல்களை எல்லாம் கழுவிக் காயவைத்தார். அன்று பின்னேரம் தேங்காயெண்ணெய், இலுப்பெண்ணெய், வேப்பெண்ணெய், நல்லெண்ணெய் என்று ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெயுடன் கலந்தும் தனியேயும் போத்தல்களில் விட்டு, கராஜ் கூரையில் பனிக்கு வைத்தார். அடுத்த நாள் விடிய ஏணி வைத்து ஏறினோம். தேங்காயெண்ணெய் கல். இலுப்பெண்ணெய் கூழ். வேப்பெண்ணெய் கலங்கிக் கிடந்தது. நல்லெண்ணெய் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் தெளிவாக இருந்தது. அண்ணை அந்தப் போத்தலை வெளிச்சத்துக்குப் பிடித்து, நல்ல நொசிலைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"இனி நல்லெண்ணெய். தகரப் பேணியிலை கலந்து, வடிச்சு, பிறகு டாங்கிக்கு. முழுக்கு வைக்கிற வேலை வேண்டாம்" என்றார்.

"சனிக்கு எரிக்கிற எண்ணெயெல்லோ அண்ணை?" என்றார் கந்தவனத்தார்.

"அப்ப இன்னும் நல்லம். காரைப் பிடிச்ச சனியும் விலகும்" என்றார் அண்ணை. ஏழு வருடத்தில் பகிடி என்று தெரிந்தே அவர் சொன்ன முதல் பகிடி அதுதான் என்று நினைக்கிறேன்.

ஒரு கிழமை கார் ஒவ்வொரு விடியற்காலையும் நிற்காமல் ஓடியது. ஆனால் கந்தவனத்தாருக்குப் பயம் தெளியவில்லை. வலி வருகிற அன்று எங்களில் ஒருவரைக் காரில் ஏற்றிக்கொண்டுதான் போவேன் என்று அடம்பிடித்தார். ஏழாலையிலிருந்து மானிப்பாய்க்குப் போகிற வழியில்தான் எங்கள் கராஜ் இருந்தது. நான் அங்கேயே படுத்தேன். அண்ணையின் வீடு பின்வளவில்.

அந்த நாளும் விடியற்காலையில்தான் வந்தது. பனி கொட்டுகிறது. ஹோர்ன் சத்தம் கேட்டு நான் வெளியே ஓடி வர, எனக்கு முன்னே அண்ணை நிற்கிறார். வெள்ளைச் சாரம், கையில் நட்டுக் கழற்றும் சாவி ஒன்றும் கழுவி வைத்த பில்ற்றரும். முன்சீற்றில் மூன்று பேரும் நெருக்கி ஏறினோம். பின்னால் மலர் தாயின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். அவள் முனகும் ஒவ்வொரு தரமும் கந்தவனத்தார் காரை இன்னும் கொஞ்சம் விரட்டினார்.

"அப்பா, கார் நிக்காதுதானே?" என்று கேட்டாள்.

கந்தவனத்தார் திரும்பி அண்ணையைப் பார்த்தார்.

"நிக்காது பிள்ளை" என்றார் நாகமுத்து அண்ணை. சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். மானிப்பாய்வரை அவர் கண் திறக்கவில்லை. தூங்கவும் இல்லை, எஞ்சினைக் கேட்டுக்கொண்டு வந்தார். நானும் கேட்டேன். நாலு நொசிலும் ஒரே குரலில் பேசின. பொல்லாத பள்ளங்களிலும் அந்தக் குரல் மாறவில்லை. எங்கள் கையால் செய்த ஒரு பொருள் இப்படி ஓடுவதைக் கேட்கும் சந்தோசத்தை எப்படிச் சொல்வேன்? பின்னால் ஒரு பிள்ளை துடித்துக்கொண்டிருக்கும்போது சந்தோசப்படலாமோ என்று வெட்கமாகவும் இருந்தது.

ஆஸ்பத்திரி முற்றத்தில் தாதிமார் மலரை உள்ளே கொண்டுபோனார்கள். ஒப்பிறேசன் செய்ய வேண்டும் என்று டொக்டர் சொன்னார். கந்தவனத்தார் வெளியே வந்து காருக்குப் பக்கத்தில் நின்றார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் அதை நிப்பாட்டத் துணியவில்லை.

"யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னாலும் சொல்லுவினம். நிப்பாட்டினால் பிறகு எழும்புமோ தெரியாது" என்று எனக்குக் காதில் சொன்னார்.

நான் அண்ணையைப் பார்த்தேன். ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்கிற காலம். தூவின எண்ணெயைச் சட்டியில் ஏந்துகிற மனிதர். இப்போது அந்தச் சொல் வரும் என்று காத்திருந்தேன். கந்தவனத்தாரும் அதற்குத்தான் காத்திருந்தார், தலையைக் குனிந்துகொண்டு.

"ஓடட்டும்" என்றார் நாகமுத்து அண்ணை.

வெயில் வந்தது. கார் ஓடியது. நாங்கள் மூன்று பேரும் மட்காட்டில் சாய்ந்து நின்றோம். கொஞ்ச நேரத்தில் ஒரு தாதி விறாந்தைக்கு வந்து அங்குமிங்கும் பார்த்தா. "ஆர் இஞ்சை தோசை சுடுறது? உள்ளை இருக்கிற நோயாளியள் எல்லாம் பசிக்குது எண்டு கேக்கினம்" என்றா. அண்ணை வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். அவருடைய முதுகு குலுங்கியது.

அதே தாதி இரண்டாம் தரம் வந்தபோது நாங்கள் மூன்று பேரும் நிமிர்ந்து நின்றோம். "ஏழாலை மலரின்ரை ஆக்கள் ஆர்? தாயும் சுகம், பிள்ளையும் சுகம். பொம்பிளைப் பிள்ளை."

கந்தவனத்தார் அந்தத் தாதியைக் கும்பிட்டார். பிறகு திரும்பிக் காரின் யன்னலுக்குள்ளால் கையை விட்டு, எஞ்சினை நிப்பாட்டும் கம்பியை மெதுவாக இழுத்தார். எஞ்சின் அடங்கியது. அப்போதுதான் உள்ளே பிள்ளை அழுவது எங்களுக்குக் கேட்டது.